சொந்த வீட்டை வாடகைக்கு விடப் போகிறீர்களா?

"வீடு சும்மாதானே பூட்டிக் கெடக்கு. ஆளை வச்சா மாசம் நாலு காசு வருமே!"

தோட்டப்புறங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்கள் குடியேறியிருக்கும் தாமான்களிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கோயில் திருவிழாவில் நாலு பேர் கூடினாலும் இந்தப் பேச்சுதான். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் இந்தப் பேச்சுதான். நம் அப்பன், பாட்டன் காலத்தில் இப்படியொரு யோசனைக்கே இடமிருந்ததில்லை. அவர்களுக்கு வாடகைக்கு விட ஏது வீடு? குடியிருந்த லயமே கம்பெனிக்குச் சொந்தம். இன்று நம்மில் ஒரு பகுதியினராவது 'வீட்டுக்காரர்' என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறோம் என்றால் அதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் இந்த வாடகை விஷயத்தில் சில குடும்பங்கள் படும் பாட்டைப் பார்க்கும்போது, இதைப்பற்றி எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

வாடகைக்கு விடாதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. காரணமில்லாமல் யாரும் தன் வீட்டை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. மகனுக்குக் கிள்ளானிலோ ஜொகூர் பாருவிலோ வேலை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும். அல்லது குடும்பத் தலைவருக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்து, அங்கே கம்பெனி வீடு கொடுக்கிறார்கள். தாமான் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரப் பெட்ரோல் காசுக்குக் கட்டுபடியாகவில்லை. இன்னும் சிலர் வங்கித் தவணையைக் கட்ட வழியில்லாமல், வாடகையாவது தவணையை இழுத்துக்கொண்டு போகட்டுமே என்று நினைக்கிறார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் குடியிருந்த வீட்டை வாடகை வீடாக மாற்றுவது ஆட்டுக்குட்டியை விற்பது போன்ற காரியமல்ல. அது ஒரு தொழில். அதற்கு எழுத்து வேண்டும், கணக்கு வேண்டும்.

அந்த வீடு எப்படி வந்தது என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தா மரம் வெட்டி, கித்தா போய் செம்பனை வந்ததும் குலை சுமந்து, உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த வீடு அது. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முன்பெல்லாம் 55 வயதாகிச் சேமநிதிப் பணம் கைக்கு வந்த சூட்டோடு, "வீட்டைக் காலி பண்ணுங்க" என்று ஆபீசிலிருந்து கடிதமும் வந்துவிடும். (2013 ஜூலை முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் வந்திருக்கிறது. அதனால் கடிதம் ஐந்து வருடம் தள்ளி வருகிறது, அவ்வளவுதான்!) புத்ராஜெயா எழுந்த மண்ணில் பிராங் பெசார் தோட்டம் இருந்ததை நம் இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள். அந்த வட்டாரத் தோட்டங்களின் மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டு, கட்டடம் விரிசல் விட்டு, ஒழுங்கான தரைவீடு கேட்டுப் பல ஆண்டுகள் அலைந்தது ஊரறிந்த கதை.

1982 இல் அரசாங்கம் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று விலை வரம்பு வைத்தது. 1998 இல் அது இடத்துக்கேற்ப 42,000 வெள்ளிவரை போகலாம் என்றாயிற்று. கேட்பதற்குச் சின்னத் தொகை. ஆனால் அன்றைய தினக்கூலியில் அந்த இருபத்தையாயிரத்தைக் கட்ட எத்தனை பாடு! சேமநிதியில் ஒரு பங்கு, சீட்டுப் பணம் ஒரு பங்கு, அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில், மிச்சத்துக்கு வங்கிக் கடன். இப்படி வந்த வீட்டை, "நம்ப ஆளுதானே" என்ற ஒரே வார்த்தையை நம்பி, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் அடுத்தவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

முதலாவதாக, அந்த வீட்டை வாடகைக்கு விட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? இந்தக் கேள்வியை நம்மவர்கள் கேட்பதே இல்லை. மலிவு விலை வீடுகளின் பட்டா பலவற்றில் 'செகாத்தான் கெப்பெந்திஙான்' என்று ஒரு வரி இருக்கும். மாநில அரசின் சம்மதமில்லாமல் விற்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அதில் எழுதப்பட்டிருக்கும். மாநில அரசுகளின் வீட்டுத் திட்டங்களில் வாங்கிய வீடானால், வாங்கியவரே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். பி.பி.ஆர். அடுக்குமாடியில் அரசாங்கத்திடம் வாடகைக்கு இருப்பவர், அதை மூன்றாம் ஆளுக்கு உள்வாடகை விடவே கூடாது. பிடிபட்டால் இருக்கிற வீடும் போய்விடும். ஆகவே பட்டாவையும் வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் பெட்டியிலிருந்து எடுங்கள். மலாய் எழுத்து புரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இன்னும் சந்தேகமிருந்தால் நில அலுவலகத்தில் கேளுங்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியிலும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. தீ காப்புறுதி எடுத்திருந்தால், வீட்டில் வேறு ஆள் குடியிருக்கிறார் என்பதை அவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால், "எங்களுக்குச் சொல்லலையே" என்று அவர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். பிறர் ஏமாற்றி அல்ல, தாமே தம்மை ஏமாற்றிக்கொண்டு.

உதாரணத்துக்கு மாத வாடகை 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 6,000 வெள்ளி. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஒரு குடித்தனம் போய் மறு குடித்தனம் வருவதற்குள் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 5,500 ஆயிற்று. சுக்காய் பிந்து என்று நாம் சொல்கிற மதிப்பீட்டு வரி வீட்டுக்காரர் தலையில்தான். நிலவரியும் அவர் தலையில்தான். அடுக்குமாடி வீடானால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வேறு. குடித்தனக்காரர் கட்டுவார் என்று வாய்ப்பேச்சில் பேசியிருந்தாலும், அவர் கட்டாமல் விட்டால் நிர்வாகம் நோட்டீஸ் அனுப்புவது பட்டாவில் பெயருள்ளவருக்குத்தான். பிறகு கூரை ஒழுகும். கழிவறைக் குழாய் அடைத்துக்கொள்ளும். மின்கம்பி பழசாகிப் பொறி பறக்கும். நீங்கள் குடியிருந்தபோது கூரை ஒழுகினால் வாளியை வைத்துவிட்டுப் படுத்திருப்பீர்கள். வாடகை கொடுக்கிறவர் வாளி வைத்துக்கொண்டு படுப்பாரா? மாட்டார். படுக்கவும் கூடாது. காசு வாங்குகிறோமே!

எனவே வருகிற வாடகையில் வருடத்துக்கு ஒரு மாதத் தொகையையாவது பழுதுபார்ப்புக்கென்று தனியே ஒதுக்கி வையுங்கள் என்பது நமது யோசனை. கையில் வந்ததையெல்லாம் குடும்பச் செலவில் கலந்துவிட்டால், கூரை பிய்ந்த அன்றைக்கு வட்டிக்காரனிடம்தான் போய் நிற்க வேண்டிவரும். வங்கித் தவணை 400 வெள்ளி போகிற வீடானால், மேலே சொன்னதையெல்லாம் கழித்த பிறகு கையில் நிற்பது என்ன என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். சில குடும்பங்களுக்கு ஒன்றுமே நிற்காது. ஆனாலும் வீட்டுக் கடன் அடைகிறதே, அது லாபந்தானே என்றால், லாபந்தான். அதைத் தெரிந்து செய்வது வேறு. மாதம் ஐந்நூறு வெள்ளி சுளையாக வருகிறது என்று நினைத்துக்கொண்டு புது மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டுவது வேறு.

வருமான வரி என்றதும், "அதெல்லாம் டவுன்ல பெரிய மனுசங்களுக்குத்தான்" என்பார்கள். 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி வாடகையும் வருமானமே. பெரும்பாலான நம் குடும்பங்கள் வரி கட்டும் அளவை எட்டமாட்டார்கள்தான். ஆனால் வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்பளத்தோடு இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்து நல்ல சம்பளம் வாங்கும் மகன் பெயருக்கு வீட்டை மாற்றுவதற்கு முன்பு இதையெல்லாம் விசாரிக்க வேண்டும். வங்கி வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, தீ காப்புறுதி, பழுதுபார்த்த செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்குச் சீட்டு வேண்டும். மளிகைக் கடைக் கணக்கைக்கூடப் பத்திரமாக வைக்கிற அம்மாமார்கள் இதையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தால் போதும்.

அடுத்து எழுத்து.

"நம்ப ஊரு ஆளுங்க. நம்ப கோயில்ல சாமி தூக்குனவரு. அவருகிட்டப் போயி கையெழுத்துக் கேட்டா என்ன நெனைப்பாரு?"

இந்தக் கூச்சந்தான் நம்மைக் கெடுக்கிறது. கையெழுத்துக் கேட்பது ஆளை நம்பாததால் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் என்ன பேசினோம் என்பது இரண்டு தரப்புக்குமே மறந்து போகிறது, அதற்காகத்தான். தேசிய நிலச் சட்டம் மூன்று ஆண்டுக்கு மேற்படாத குடிவாடகையைப் பதிவு செய்யாமலே, வாய்ச்சொல்லாகக்கூட வைத்துக்கொள்ள விடுகிறது. ஆனால் தகராறு வந்து நீதிமன்றத்தில் நிற்கும்போது, வாய்ச்சொல்லை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? எழுதிய ஒப்பந்தமானாலும் முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். 1949 ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் இருக்கிறது. முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் இதைச் செய்துவிட வேண்டும். 2026 ஜனவரி முதல் வாடகை ஒப்பந்தங்களுக்கு எவ்வளவு முத்திரை வரி என்று நாமே கணக்கிட்டுக் கட்டும் முறை வந்திருக்கிறது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் செய்யலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் போதும். மாதம் 500 வெள்ளி வாடகையில் ஓராண்டு ஒப்பந்தமென்றால், நகலையும் சேர்த்து ஐம்பது வெள்ளிக்குள் முடிகிற காரியம். தீபாவளிக்கு வாங்குகிற ஒரு சட்டையின் விலை! இதற்குச் சோம்பல்பட்டு ஆயிரக்கணக்கில் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்பதற்குப் பெரிய சட்ட ஞானம் தேவையில்லை. வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாருடைய வங்கிக் கணக்கில். எத்தனை பேர் குடியிருப்பார்கள். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் கட்டணம் யார் பொறுப்பு. வீட்டைக் காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு. நம் நாட்டு வழக்கத்தில் இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீர், மின்சாரத்துக்கென்று இன்னொரு சிறு தொகையையும் வாங்குவார்கள். அந்தப் பணம் உங்களுடையதல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அதைச் செலவழித்துவிட்டு, குடித்தனக்காரர் போகும்போது "செவுத்துல ஆணி அடிச்சிருக்கே" என்று காரணம் தேடுகிற வீட்டுக்காரர்களையும் நாம் கண்டிருக்கிறோம். சாவி கொடுக்கும் நாளில் இரு தரப்பும் கூட நின்று சுவர், தரை, குழாய், கூரை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இந்த ஆணிச் சண்டைக்கு வேலையே இல்லை.

மின்சார மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. தெனாகா நேஷனல் கணக்கு உங்கள் பெயரிலேயே இருந்தால், பாக்கிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இணைய நாணயம் தோண்டுகிறோம் என்று வாடகை வீடு முழுக்கக் கணினிகளை அடுக்கி, மீட்டரைத் தொடாமலே மின்சாரத்தைத் திருடிய சங்கதிகள் நம் நாட்டில் அடிக்கடி பத்திரிகையில் வந்திருக்கின்றன. ஆளோ ஓடிவிடுவான். கட்டணம் வீட்டுக்காரர் பெயருக்கு வரும். கணக்கைக் குடித்தனக்காரர் பெயருக்கு மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுப்பதே புத்திசாலித்தனம். மாற்ற முடியாத நிலையென்றால் மாதமொருமுறை மீட்டரையாவது போய்ப் பாருங்கள்.

யாருக்கு வாடகைக்கு விடுவது?

செம்பனைத் தோட்டங்களுக்கு அருகிலுள்ள தாமான்களில் இப்போது குத்தகையாளர்கள் வந்து, "பத்து ஆளு தங்கணும், வாடகை கூடவே தர்றேன்" என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ஐந்நூறுக்குப் போகிற வீட்டுக்கு எண்ணூறு தருகிறேன் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வந்து தங்குகிறவர்களுக்கு முறையான பெர்மிட் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், வீட்டுக்காரரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். சட்டவிரோதக் குடியேறியைத் தன் இடத்தில் தங்க அனுமதிப்பது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். பிடிபடும் ஒவ்வொரு ஆளுக்கும் 5,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளிவரை அபராதம், ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் என்றால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். தவிரவும், முதலாளி தன் தொழிலாளர்களைத் தங்க வைக்கும் வீட்டுக்குத் தொழிலாளர் இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், 2019 இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் தீபகற்ப மலேசியாவில் இப்படித்தான் சொல்கிறது. ஆகவே குத்தகையாளரிடம், "அந்தச் சான்றிதழை எடுத்துக்கிட்டு வாங்கய்யா, பேசலாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். உண்மையான ஆளானால் கொண்டு வருவார்.

இதனால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வீடே தராதீர்கள் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடல் கடந்து வந்து, இந்த மண்ணில் முன்பின் தெரியாத இடத்தில் பத்துப் பேரோடு ஒரே கூரைக்கடியில் படுத்தவர்கள்தானே நம் பாட்டன்மார்கள்? அதே வேலையை இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் செய்கிறார்கள். முறையாக வந்தவருக்கு முறையாக வீடு கொடுப்பதில் தவறென்ன? மூன்றறை வீட்டில் இருபது பேரை அடைத்து, கழிவறை ஒன்றை மட்டும் விட்டுவைத்துக் காசு பார்ப்பதுதான் தவறு.

இன்னொன்று. பட்டணங்களில் வீடு தேடிப்போகும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தொலைபேசியில் பேரைக் கேட்டதுமே, "இந்தியருக்கு வீடு இல்லை" என்று வைத்துவிடுகிறார்கள். விளம்பரத்திலேயே இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று போடுகிறவர்களும் உண்டு. படித்த பிள்ளைகள், கைநிறையச் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள், இதைச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். அந்த வலி தெரிந்த நாம், நம் கையில் ஒரு வீட்டுச் சாவி வந்ததும், "அந்த ஜாதிக்குக் குடுக்க மாட்டோம்" என்று சொல்லலாமா? சொல்கிறார்கள். தாமான்களில் சொல்கிறார்கள். சாதி பார்த்து வீடு கொடுப்பவர் நம்மிடையே இல்லையென்று யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

வாடகை வராமல் போனால்? இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது.

மூன்று மாதம் வாடகை நின்றதும், அண்ணன் தம்பிகளை அழைத்துக்கொண்டு போய்க் கேட்டுக்குப் பூட்டுப் போடுவது. தண்ணீர்க் குழாயை நிறுத்துவது. கட்டில், பீரோவை வாசலில் தூக்கிப் போடுவது. "எங்க வீடு, எங்க இஷ்டம்" என்கிறார்கள். இல்லை. 1950 ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) ஆம் பிரிவு, குடிவாடகை முடிந்த பின்னும் ஒருவர் வீட்டில் இருந்தால், நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பூட்டுப் போட்டவர்மேலேயே வழக்குத் திரும்பலாம். மூன்று மாத வாடகை வரவேண்டியவர் கடைசியில் நட்டஈடு கொடுக்க நேர்ந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை!

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. ஒப்பந்தம் இருந்தால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். 1951 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, நீதிமன்ற உத்தரவு பெற்று, பன்னிரண்டு மாதம்வரையிலான வாடகை பாக்கிக்குக் குடித்தனக்காரரின் பொருள்களைக் கைப்பற்றவும் இடமுண்டு. முன்னறிவிப்பு முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956 ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஐயாயிரம் வெள்ளிக்கு உட்பட்ட பாக்கியானால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம். அதற்கு வழக்கறிஞரே வேண்டாம். இவையெல்லாம் காலதாமதமாகும் என்பது உண்மைதான். செலவும் உண்டு. அதனால்தான் முதல் மாதம் வாடகை தவறியதுமே நேரில் போய்ப் பேசுங்கள் என்கிறோம். வேலை போயிருக்கலாம், வீட்டில் நோய் வந்திருக்கலாம். 2025 இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி. அதில் ஐந்நூறு வாடகைக்குப் போனால் மிச்சத்தில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்று நமக்கா தெரியாது? தவணையாகக் கொடுக்கச் சொல்லி, அதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். முன்பணம் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. அது தீருமுன் ஒரு முடிவுக்கு வாருங்கள். ஆறு மாதம் பொறுத்துவிட்டு ஏழாவது மாதம் அரிவாளைத் தூக்காதீர்கள்.

தோட்டம் கைமாறியபோது நமக்கு என்ன நடந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலையை நிறுத்தினார்கள், பிறகு லயத்துக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள், குப்பை அள்ளுவதை நிறுத்தினார்கள், கடைசியில் மண்தள்ளும் இயந்திரம் வந்து நின்றது. 2011 இல் புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள், தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் நான்கு ஏக்கர் கேட்டு நின்றபோது நாடே பார்த்தது. தண்ணீர் இல்லாத வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதே குழாயை நாமே போய் இன்னொரு குடும்பத்துக்கு மூடலாமா?

கடைசியாக, எல்லாவற்றையும்விட நம்மை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறோம். வீட்டை வாடகைக்கு விட்டால் அதில் குடியிருந்த பெரியவர்கள் எங்கே போகிறார்கள்?

"அம்மா, நீங்க தனியா இருந்து என்னா செய்யப் போறீங்க? எங்ககூட வந்துடுங்க. வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்" என்று மகன் அன்பாகத்தான் அழைக்கிறார். அந்த அன்பை நாம் குறை சொல்லவில்லை. அம்மாவும் சாமி படத்தையும் இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு பட்டணத்து அடுக்குமாடிக்குப் போகிறார். பத்தாவது மாடி. கீழே இறங்கினால் பேச ஆளில்லை. வாசலில் கோலம் போட இடமில்லை. ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்க மண்ணில்லை. வாடகைப் பணம் மகனுடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. மருந்து வாங்க இருபது வெள்ளி வேண்டுமென்றால் மருமகளிடம் கேட்க வேண்டும். ஒரு வருடம் கழித்து ஏதோ ஒரு மனத்தாங்கல். "நான் என் வீட்டுக்கே போறேன்ப்பா" என்கிறார் அம்மா. "எந்த வீட்டுக்கும்மா போவீங்க? அங்கதான் ஆளு இருக்காங்களே!"

இப்படியொரு பேச்சு எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. இதில் யாரும் கெட்டவர் இல்லை. மகனுக்கும் பிள்ளைகள் படிப்பு, கார்த் தவணை என்று ஆயிரம் செலவு. ஆனால் அறுபது வயதில் கம்பெனி காலி செய்யச் சொன்ன அதே அம்மா, எழுபது வயதில் தன் சொந்த வீட்டுக்கே திரும்ப முடியாமல் நிற்கிறார் என்பதை நினைத்தால் நமக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே வீட்டை விடுமுன் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டியது வாடகை எவ்வளவு என்பதை அல்ல. பட்டா பெரியவர் பெயரிலேயே இருக்கட்டும். "இப்பவே பேரை மாத்திட்டா பின்னால சிக்கல் இருக்காது" என்று யார் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். உயில் எழுதி வைத்தால் பின்னால் வரும் சிக்கலுக்கு அது போதும். வாடகைக்கு விடுகிறவர் என்று ஒப்பந்தத்தில் பெரியவரே கையெழுத்துப் போட வேண்டும். வாடகை அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அட்டை அவர் கையில் இருக்க வேண்டும். அதிலிருந்து மகனுக்கும் பேரப்பிள்ளைக்கும் அவர் கொடுத்தால் அது அவர் பிரியம். கொடுக்காமல் இருக்கவும் மாட்டார். நம் அம்மாமார்களை நமக்குத் தெரியாதா? சிலர் வீட்டை விற்றுவிடலாமே என்கிறார்கள். 2022 முதல், வாங்கி ஐந்தாண்டு தாண்டிய வீட்டை மலேசியக் குடிமகன் விற்றால் லாப வரியில்லை என்பது உண்மைதான். ஆனால் விற்ற பணம் பாகம் பிரிந்து போன பிறகு, பெரியவருக்குத் திரும்பிப் போக எந்தக் கூரையும் இருக்காது. வாடகைக்கு விட்டால் கூரையாவது அவருடையதாக இருக்கிறது.

ஒப்பந்தத்தையும் மூன்று வருடத்துக்கு என்று நீட்டாமல் ஓராண்டு, ஓராண்டாகப் போடலாம். அதில், வீட்டுக்காரர் தாமே குடியிருக்கத் திரும்புவதாக இருந்தால் இரண்டு மாத முன்னறிவிப்பில் வீட்டைக் கேட்கலாம், குடித்தனக்காரரின் முன்பணம் முழுவதையும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அம்மாவுக்கும் நிம்மதி. வாடகைக்கு வருகிறவருக்கும் முதலிலேயே தெரிந்திருக்கும். அந்த ஒரு வரியை எழுதச் சொன்னால் எந்த லாயரும் கூடுதல் காசு கேட்கமாட்டார்.